ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? எதை முதலில், எதை அப்புறம்

போன் எண் வாங்கக் கடைக்குப் போனேன், வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றார்கள். கணக்கு தொடங்க வங்கிக்குப் போனேன், போன் எண்ணை எழுதுங்கள் என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். இரண்டு இடத்திலும் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் முகவரி எழுதியில்லையே என்று தலையைச் சாய்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முதல் முடிச்சு அந்த முகவரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

நீகாட்டா மாகாணத்தில் பனி கொட்டும் ஒரு சிற்றூரில் மூன்று ஆண்டு இருந்தேன். ஒரு நடுநிலைப்பள்ளி, இரண்டு தொடக்கப்பள்ளி. வகுப்பறையில் பட்ட பாட்டைவிட, வகுப்பறைக்கு வெளியே காரியங்களை வரிசை மாற்றிச் செய்து பட்ட பாடுதான் அதிகம். ஜப்பானில் ஒவ்வொரு காகிதமும் அடுத்த காகிதத்துக்குச் சாவி. அதனால் இதை வேலை தேடுவதிலிருந்து ஊர் திரும்புவது வரை வரிசையாகவே எழுதுகிறேன்.

எந்த வேலை என்று முதலில் தெளிவாகுங்கள்

ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று நான்கு வகை இருக்கிறது. பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக நிற்பவரை ஏ.எல்.டி. என்பார்கள், அதாவது துணை மொழி ஆசிரியர். இந்த வேலைக்கு அரசு வழியாகப் போவது ஜெட் திட்டம். 1987 முதல் நடக்கிறது, ஜப்பானியத் தூதரகம் மூலமாகத்தான் விண்ணப்பம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. சம்பளமும் கவனிப்பும் இதில்தான் நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பித்து ஊர் போய்ச் சேர முக்கால் வருடம் ஆகும், எந்த ஊரில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் நாட்டில் இருக்கும் ஜப்பானியத் தூதரகம் இந்தத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆள் அனுப்பும் நிறுவனங்கள். உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் கல்வி வாரியம் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும், நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்களுக்குக் கொடுக்கும். மூன்றாவது எய்கைவா எனப்படும் தனியார் பேச்சு வகுப்புகள். மதியம் தொடங்கி இரவு ஒன்பது வரை போகும், மாணவர்களில் குழந்தைகள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை எல்லோரும் இருப்பார்கள். நான்காவது, கல்வி வாரியமோ பள்ளியோ நேரடியாக வைத்துக்கொள்வது. இதுவும் நல்ல வேலை, ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே ஜப்பானில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. எனவே ஏப்ரல் வேலைக்கு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பிப்ரவரியில் விழித்துக்கொண்டு விண்ணப்பித்தால், யாராவது பாதியில் ஓடிப்போன இடம்தான் கிடைக்கும். அவர் ஏன் ஓடினார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

நம்மில் பலர் கோட்டைவிடும் இடம் இது. பள்ளியில் வேலை செய்ய 'கல்வி' என்ற வகையில் தங்கும் தகுதி வேண்டும். பட்டம் இருந்தால் மட்டும் போதாது, எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்த மொழி வழியாகவே பன்னிரண்டு ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவருக்குப் பிரச்சினை இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழி, கல்லூரி மட்டும் ஆங்கில வழி என்றால் எப்படிக் கூட்டினாலும் பன்னிரண்டு வராது. அதற்காக மனம் உடைய வேண்டாம். எய்கைவா வகுப்புகளுக்கு 'மனிதவியல், பன்னாட்டுச் சேவை' என்று வேறொரு தகுதி இருக்கிறது. பட்டம் பெற்றவர் மொழி கற்பிக்க அதில் வழி உண்டு. நிறுவனம் உங்களை ஏற்றுக்கொள்ளுமா என்பது தனிக் கேள்வி. விளம்பரங்களில் 'நேட்டிவ்' என்ற சொல்லைப் போட்டு வடிகட்டுவது இன்றும் நடக்கிறது, அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

ஆங்கில வழியில் படித்தவர்கள், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் 'பயிற்று மொழி ஆங்கிலம்' என்று எத்தனை ஆண்டு என்ற கணக்கோடு கடிதம் வாங்கி வையுங்கள். ஊரில் இருக்கும்போதே வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டிலும் வாங்க வேண்டும்.

ஒரு தகுதியோடு போய் இன்னொரு வகை வேலையைச் செய்யக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 'கல்வி' தகுதியோடு பள்ளியில் இருப்பவர் மாலையில் எய்கைவாவில் நாலு வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்து மாட்டினால், அடுத்த முறை விசா நீட்டிக்கும்போது அது வந்து நிற்கும்.

பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏ.எல்.டி. வேலைக்குக் கட்டாயமில்லை. இணையத்தில் வாங்கும் 120 மணி நேரச் சான்றிதழ் சுயவிவரத்தில் ஒரு வரியைக் கூட்டும், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜின் செல்டா வேறு ஜாதி. அதில் உண்மையான மாணவர்கள் முன்னால் நீங்கள் ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பெரியவர்களுக்குக் கற்பிப்பதை நெடுநாள் தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறவர் அதற்குச் செலவழிக்கலாம். இரண்டு வருடம் ஜப்பான் பார்த்துவிட்டு வரலாம் என்பவருக்கு அது அதிகம்.

ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும்

மாதச் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 29.5 மணி நேரம் என்று விசித்திரமாக ஓர் எண் இருந்தால் காரணம் உண்டு. முழுநேரக் கணக்குக்குக் கீழே வைத்துவிட்டால் சமூகக் காப்பீட்டில் நிறுவனத்தின் பாதிப் பங்கைக் கட்டாமல் தப்பிக்கலாம் என்று பல நிறுவனங்கள் வைத்திருந்த கணக்கு அது. அப்படியென்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் முழுக்க உங்கள் தலையில் விழும்.

அடுத்து, ஆகஸ்ட் மாதம். பள்ளி விடுமுறை மாதங்களில் பாதிச் சம்பளம் என்ற வரி உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும். பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள், நான் சொன்னேன்.

மூன்றாவது, முதல் சம்பளத் தேதி. ஏப்ரல் முதல் தேதி வேலைக்குச் சேர்ந்தேன். ஏப்ரல் மாதக் கணக்கை மாதக் கடைசியில் முடித்து, மே மாதக் கடைசியில்தான் கையில் கொடுத்தார்கள். வந்திறங்கியது மார்ச் கடைசி வாரம், அப்படியானால் இரண்டு மாதம் சொந்தக் காசு. வீட்டு முன்பணம், பாத்திரம் பண்டம், குளிருக்குப் போர்வை, பழைய சைக்கிள் எல்லாம் சேர்த்து நான் கொண்டுபோன நான்கு லட்சம் யென்னும் மே மாத நடுவில் கரைந்துவிட்டது, கடைசிப் பத்து நாள் முட்டையும் சோறும்தான். ஐந்து லட்சம் யென் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பதுதான் என் கணக்கு.

சரி, ஒப்பந்தம் கையெழுத்தானதும் நிறுவனம் உங்களுக்காகக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். சி.ஓ.இ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கைக்கு வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், அது வழங்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் நீங்கள் ஜப்பானுக்குள் நுழைந்தாக வேண்டும். அதைக் கொண்டுபோய்த் தூதரகத்தில் விசா வாங்குவது எளிது. சி.ஓ.இ. வருவதற்கு முன் இருக்கிற வேலையை விடாதீர்கள், டிக்கெட்டும் எடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பெயர்

இதற்குத் தனித் தலைப்பு போட வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் நம் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் ஜப்பானில் எல்லா அட்டையிலும் ஏறும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருந்தால், பள்ளியில் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுபது வயதில் ஊரில் நிம்மதியாக இருக்கும் என் அப்பாவின் பெயரோடு, ஆசிரியர் என்று பொருள்படும் 'சென்செய்' சேர்த்து முந்நூறு பிள்ளைகள் ஒரு வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்தால் இன்னும் சிக்கல், கணினிப் படிவங்கள் அதைக் காலியாக விட ஒப்புக்கொள்ளாது.

அடுத்து கதகானா. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து. நம் பெயரில் ழ, ள, ண இருந்தால் எப்படி எழுதினாலும் யாரோ ஒருவர் பெயர் மாதிரிதான் வரும், அது போகட்டும். எப்படி எழுதுவது என்று முதல் நாளே ஒன்றை முடிவுசெய்து, ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்துக்கொண்டு, நகராட்சி, வங்கி, போன், நிறுவனம் எல்லா இடத்திலும் ஒரு கோடுகூட மாறாமல் அதையே எழுதுங்கள். எனக்கு வங்கியில் நெடில் கோடு போட்டு எழுதிக்கொண்டார்கள், நிறுவனம் கோடு இல்லாமல் எழுதியது. முதல் சம்பளம் திரும்பிப் போய்விட்டது. ஒரு சின்னக் கோடு. முட்டையும் சோறும் இன்னும் நாலு நாள் நீண்டது.

வந்திறங்கிய பிறகு, இந்த வரிசையில்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் பாஸ்போர்ட் பார்க்கும் இடத்திலேயே ஸைர்யூ கார்டு என்ற வசிப்பு அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். அதில் பெயர், பிறந்த தேதி, தங்கும் காலம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வெளியே போகும்போதெல்லாம் இந்த அட்டை கூடவே இருக்க வேண்டும், வீட்டில் வைத்துவிட்டுப் போவது சட்டப்படி தவறு.

வீடு முடிவானதும் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். பதினான்கு நாள் இருக்கிறதே என்று இருக்காதீர்கள், மறுநாள் காலையே போங்கள். அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதே இடத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் சேர வேண்டுமா, அல்லது நிறுவனமே சேர்க்கிறதா என்பதையும் முடித்துவிடுங்கள். காப்பீடு இருந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. ஜப்பானில் முந்தைய ஆண்டு வருமானம் இல்லாததால் முதல் ஆண்டுக் கட்டணம் குறைவாகவே வரும்.

முகவரி ஏறிய அட்டையோடு போன், அதன் பிறகு வங்கி. கையில் சர்வதேச கிரெடிட் கார்டு இருந்தால் வங்கிக் கணக்கு இல்லாமலே போன் எண் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்க்க வழி அதுதான், எனவே கிளம்பும் முன் ஊரில் ஒரு கார்டு வாங்கிவிடுங்கள். டேட்டா மட்டும் உள்ள சிம் உதவாது, அழைப்பு எண் வேண்டும். வங்கிகளில் சில, ஜப்பானுக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பும். வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் தபால் வங்கிக்குப் போங்கள். 'ஹன்கோ' என்னும் பெயர் முத்திரை முன்னளவுக்குத் தேவைப்படுவதில்லை, பல இடங்களில் கையெழுத்தே போதும். இருந்தாலும் ஒன்று செய்து வைத்தால் நஷ்டமில்லை.

முகவரி பதிந்த பிறகு 'மை நம்பர்' என்ற 12 இலக்க எண் தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டி வைக்காவிட்டால் தபால்காரர் கொடுக்காமல் எடுத்துப் போய்விடுவார். ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதி டேப் போட்டு ஒட்டினாலே போதும். இதைச் செய்யாமல் என் எண் நகராட்சிக்கே திரும்பிப் போய், அதை மீட்க நான் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

வீடு என்றால் நாலு சுவர்தான்

வாடகை மாதம் 45,000 யென் என்றால் கையில் அவ்வளவு இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 'ஷிகிகின்' என்ற முன்பணம், வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டிய 'ரெய்கின்', தரகர் கூலி, உத்தரவாத நிறுவனத்துக்கு ஒரு தொகை, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் நான்கைந்து மாத வாடகைக்கு வந்து நிற்கும். யு.ஆர். என்ற அரசு சார்ந்த குடியிருப்புகளில் ரெய்கின், தரகு, உத்தரவாதம் மூன்றும் கிடையாது. நகரத்தில் வேலை என்றால் முதலில் அதைப் பாருங்கள். சிற்றூரில் பெரும்பாலும் இருக்காது.

சாவி வாங்கி உள்ளே போனேன். சாயங்காலம் ஐந்தரை மணி, மார்ச் மாதம், வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஸ்விட்சைத் தட்டினேன், ஒன்றும் எரியவில்லை. போன் வெளிச்சத்தில் மேலே பார்த்தால் கூரையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கிதான் இருந்தது, விளக்கு இல்லை. முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அதுதான் இங்கே வழக்கம். அடுப்பும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. கேஸ் இணைப்புக்கு ஆள் வந்து திறந்துவிட வேண்டும், நாம் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே தேதி சொல்ல வேண்டும். சொல்லாததால் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெளியே பனி இன்னும் முழுதாகக் கரையாத ஊரில். எனவே வீடு முடிவான அன்றே கேஸுக்குத் தேதி வாங்குங்கள், பகல் வெளிச்சத்தில் குடிபோங்கள், பழைய சாமான் விற்கும் 'ரிசைக்கிள்' கடை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குப்பை விஷயத்தில் விளையாடாதீர்கள். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக் பாட்டில், அட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கிழமை உண்டு. பல ஊர்களில் நகராட்சி விற்கும் பையில்தான் போட வேண்டும். தவறாகப் போட்டால் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள், தெருவில் ஒரே ஒரு வெளிநாட்டவர் இருக்கும்போது அது யாருடைய பை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நகராட்சியில் தரும் குப்பை நாட்காட்டியை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சி துண்டாகத் தெரியாவிட்டால் அது சைவம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். சூப், குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் 'தஷி' என்ற சாறு இருக்கும், பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்தது. 'நான் வெஜிடேரியன்' என்று சொல்லி நிறுத்தாமல், இறைச்சி, மீன், மீன் தஷி மூன்றையும் பெயர் சொல்லி ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு நீட்டுங்கள். டோக்கியோவில் நிஷி-கசாய், ஷின்-ஒக்குபோ பக்கம் இருப்பவர்களுக்குப் பருப்புக்கும் மசாலாவுக்கும் கவலை இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இணையத்தில் வாங்கும் கடைகள்தான் துணை.

பள்ளியில் முதல் மாதம்

முதல் நாள் ஆசிரியர் அறையில் எழுந்து நின்று ஜப்பானிய மொழியில் நாலு வரி பேசச் சொல்வார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். வெளிச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போட ஒரு ஜோடி தனிக் காலணி வேண்டும். நம் அளவு அந்த ஊர்க் கடையில் கிடைக்காமல் போகலாம், ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். காலையில் உள்ளே நுழையும்போது உரக்க 'ஒஹாயோ கொஸாய்மஸ்'. மாலையில் மற்றவர்கள் இருக்கும்போது நீங்கள் கிளம்பினால் 'ஒசாகினி ஷிட்சுரெய் ஷிமஸ்', உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்கவும் என்று பொருள். இந்த இரண்டையும் தவறாமல் சொல்பவரைப் பற்றி அந்த அறையில் நல்ல பேச்சுதான் இருக்கும், பாடம் சுமாராக இருந்தாலும்.

நடுநிலைப்பள்ளியில் ஒரு வகுப்பு 50 நிமிடம், தொடக்கப்பள்ளியில் 45. 2020 முதல் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பாட்டும் விளையாட்டுமாகப் போகும். நீங்கள் துணை ஆசிரியர் என்பதை மறக்காதீர்கள். சில ஜப்பானிய ஆசிரியர்கள் உங்களைப் பேசும் டேப் ரெக்கார்டராக மட்டும் வைத்துக்கொள்வார்கள், 'ப்ளீஸ் ரீட்', படித்தால் 'தேங்க் யூ', அவ்வளவுதான் அன்றைய வேலை. கோபித்துக்கொள்ளாமல் எந்தப் பக்கம் நடத்தப் போகிறார் என்று முந்தின நாள் கேட்டு, அதற்குப் பொருந்துகிற பத்து நிமிட விளையாட்டு ஒன்றைத் தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிடுங்கள். நேரம் இருந்தால் செய்யலாம் என்று ஒரு வரி போதும். நான் மூன்று வாரம் வைத்தேன், நாலாவது வாரம் அவரே வந்து இன்று என்ன விளையாட்டு என்றார்.

சில நிறுவன ஒப்பந்தங்களில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லக் கூடாது, நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கும். ஆசிரியர் ஒதுங்கி நின்றால் அது வெறுப்பில்லை, அந்த ஒப்பந்தமாகவும் இருக்கலாம்.

உச்சரிப்பு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானியப் பிள்ளை 'பஸ்' என்று நிறுத்தாது, 'பஸு' என்று முடிக்கும், ஏனென்றால் அவர்கள் மொழியில் சொல் மெய்யெழுத்தில் முடிவது 'ன்' ஒன்றில் மட்டும்தான். நம் வீட்டில் பாட்டி 'பஸ்ஸு வந்துருச்சு' என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அந்தக் கடைசி 'உ' எங்கிருந்து வருகிறது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை எப்படிக் கழற்றுவது என்பதும் நாம் ஒரு காலத்தில் கற்றுக்கொண்டதுதான்.

மதியச் சாப்பாடு வகுப்பறையில், பிள்ளைகளோடு. ஒரு வேளைக்கு சுமார் 300 யென் பிடிப்பார்கள். சாப்பிட முடியாதவர்கள் முதல் வாரத்திலேயே துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லி வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோக அனுமதி கேளுங்கள். ஆனால் சாப்பிடும் இடத்தை மாற்றாதீர்கள். பிள்ளைகள் வாயைத் திறப்பது அந்த இருபது நிமிடத்தில்தான்.

ஜப்பானிய மொழியைத் தமிழ் வழியாகப் படியுங்கள்

ஆங்கிலத்தில் எழுதிய ஜப்பானியப் பாடநூலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் திணறினேன். வினை ஏன் கடைசியில் வருகிறது, பெயருக்குப் பின்னால் ஏன் ஒட்டு என்றெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். ஒரு நாள் பக்கத்து மேசை ஆசிரியை ஒரு மிட்டாயை நீட்டி 'தபேதே மிதே' என்றார். தபே என்றால் சாப்பிடு, மிரு என்றால் பார்ப்பது. சாப்பிட்டுப் பார்! அப்படியே நம்முடையது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் வரிசையாக வருகிறது. 'தபேதே ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். 'கத்தே ஒக்கு' என்றால் வாங்கி வைப்பது, ஒக்கு என்றால் வைப்பதுதான். 'தோ இயு' என்றால் என்று சொல்வது. கோரே, அரே, தோரே மூன்றும் இது, அது, எது. வேற்றுமை உருபு மாதிரியே ஒட்டுகள், பெயருக்குப் பின்னால். தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் பாதி இடத்தில் சரியாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தியதால் வீணான ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

எழுத்துதான் கஷ்டம், அதில் நமக்குச் சலுகை இல்லை. ஹிரகானாவும் கதகானாவும் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள், ஒரு மாதம் போதும். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதான என்2 தாண்டினால் ஆங்கிலம் கற்பிப்பதற்கு வெளியேயும் வேலை கிடைக்கத் தொடங்கும்.

சின்னச் சின்னதாகச் சில

காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நகராட்சியில் கொடுக்கும் அபாய வரைபடத்தில் உங்கள் தெருவுக்குரிய தஞ்சமிடத்தைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு தடவை நடந்து போய்விட்டு வாருங்கள். 2004இல் நீகாட்டாவின் சூஎட்சு பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தைப் பார்த்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், நிலநடுக்கப் பயிற்சியில் யாரும் சிரிப்பதில்லை. ஒரு நாள் நிலநடுக்க எச்சரிக்கை வந்து எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியபோது ஆசிரியர் அறையில் அத்தனை பேரும் மேசைக்கடியில் இருந்தார்கள், நான் மட்டும் நின்றுகொண்டு என்ன சத்தம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் வாங்கினால் பதிவு செய்ய வேண்டும், கடையிலேயே செய்வார்கள். பனி ஊர் என்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். நீகாட்டாவில் சாலை நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள், அந்தத் தண்ணீரில் சாதா ஷூ ஒரு நாள் தாங்காது. கார் ஓட்ட வேண்டிய கிராமம் என்றால் சர்வதேச உரிமம் ஓர் ஆண்டுதான் செல்லும், அதற்குள் ஜப்பானிய உரிமத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டாம் ஆண்டு ஜூன்

முதல் ஆண்டு கையில் நன்றாகப் பணம் நிற்கும். அதை நம்பி எதையும் தவணையில் வாங்காதீர்கள். குடியிருப்பு வரி என்று ஒன்று இருக்கிறது, முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல், வரிக்குட்பட்ட தொகையில் சுமார் பத்து சதவீதம். வந்த ஆண்டில் முந்தைய வருமானம் இல்லை, அதனால் வரியும் இல்லை. அடுத்த ஜூனில் நகராட்சியிலிருந்து தடித்த உறை ஒன்று வரும். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமும் அதே ஆண்டில் ஏறும். ஜனவரி முதல் தேதி எந்த ஊரில் பதிந்திருக்கிறீர்களோ அந்த ஊருக்குத்தான் வரி. ஜனவரி இரண்டாம் தேதி நாட்டைவிட்டுப் போனாலும் கட்ட வேண்டும். முதல் ஆண்டிலேயே மாதம் பத்தாயிரம் யென்னாவது தனியாக எடுத்து வைத்தால் அந்த உறையைப் பிரிக்கும்போது கை நடுங்காது.

கிளம்பும்போது

ஓய்வூதியம் கட்டியிருப்பீர்கள், தேசிய ஓய்வூதியம் என்றால் மாதம் 17,000 யென்னுக்கு மேல். ஆறு மாதமாவது கட்டியிருந்தால் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரைக்கும் கணக்கிடுவார்கள். நாட்டை விட்டுப் போன பிறகு இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முதலில் நகராட்சியில் வெளியேறும் பதிவைச் செய்திருக்க வேண்டும், அதைச் செய்யாமல் போனால் விண்ணப்பம் நிற்கும், பார்த்தீர்களா, இங்கும் வரிசைதான். நிறுவனம் வழியாகக் கட்டிய ஓய்வூதியம் என்றால் திரும்பத் தரும்போது 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள். அதையும் மீட்கலாம், ஆனால் உங்கள் சார்பில் விண்ணப்பிக்க ஜப்பானில் இருக்கும் ஒருவரைக் கிளம்பும் முன்பே வரி அலுவலகத்தில் பதிந்து வைக்க வேண்டும். நான் பக்கத்து மேசை ஆசிரியையைக் கேட்டேன், அந்த மிட்டாய் கொடுத்தவர்தான். நம்பிக்கையான நண்பர் யாராக இருந்தாலும் சரி. ஓய்வூதிய எண் எழுதிய தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போனை ரத்து செய்வதும் வங்கிக் கணக்கை மூடுவதும் கடைசியில். கடைசிச் சம்பளமும், வீட்டு முன்பணத்தில் மிச்சமும் வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கை மூட வேண்டும். அந்த மிச்சம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம், கேட்டுக்கொண்டு போங்கள்.

விமான நிலையத்தில் ஸைர்யூ கார்டை வாங்கிக்கொண்டு, திரும்பி வரப் போவதில்லையா என்று இன்னொரு முறை கேட்பார்கள். இல்லை என்றதும் ஒரு சின்னக் கருவியில் வைத்து அட்டையில் ஓட்டை போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓய்வூதியப் படிவத்தை நிரப்பும்போது எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.